பஹீமா ராத்தா சொல்லாத செய்தி

கம்சாயினிக்கு எதற்கும் ரிப்போட் வேண்டும். புளியந்தீவில் ஒரு தனியார் லாப்பில் இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கடதாசியில் அச்சடித்து வந்தால்தான் நம்புவாள். ஆள் நல்ல திடகாத்திரமாகத்தானே இருக்கிறார் என்று யாராவது சொன்னால், இருக்கட்டும், ரிப்போட் வரட்டும் என்பாள். அப்படிப்பட்டவள் தன் ஒரே பிள்ளையை, ஒரு துண்டுக் கடதாசி கூடத் தராத ஒரு மனுசியிடம் பத்து மாதமாக விட்டு வைத்திருந்தாள்.

மனுசியின் பெயர் பஹீமா. காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கடைசி வீடு. அந்த ஊரில் மூத்த சகோதரியை ராத்தா என்பார்கள். இரண்டாம் வாரமே கம்சாயினிக்கும் அந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டது. அவளுடைய வீடு ஆரையம்பதியில். வேலைக்குப் போகும் வழியில் காலை ஏழேகாலுக்கு ஸ்கூட்டியை ஒழுங்கைக்குள் திருப்பி, நெஞ்சோடு கட்டிய பையிலிருந்து பிள்ளையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கல்லடிப் பாலம் கடந்து ஓடுவாள். பின்னேரம் நாலரைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவாள். பிள்ளை தக்ஷிகாவை நாலு மாதத்தில் கொண்டுவந்து விட்டது. இப்போது அவளுக்குப் பதினாலு மாதம்.

பஹீமா ராத்தா நாலு பிள்ளைகளுக்கு மேல் எடுக்கமாட்டார். ஐந்தாவது பிள்ளையைக் கொண்டுவந்து காலில் விழாத குறையாகக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். கண் ரெண்டுதானே இருக்கு என்பார். காலையில் பிள்ளைகள் வருமுன் முற்றத்து மணலைக் கூட்டி, பிறகு வெறுங்காலோடு ஒரு தரம் முழுக்க நடந்து பார்ப்பார். முள்ளோ ஓட்டுத் துண்டோ இருந்தால் முதலில் தன் காலில் குத்தட்டும் என்பது அவருடைய கணக்கு. கிணற்றுக்கு வலை, கேற்றுக்கு மேலே எட்டாத உயரத்தில் கொளுக்கி. நாலு பிள்ளைக்கும் நாலு ஏணைச் சேலை. ஒன்றின் சேலையில் இன்னொன்று படுக்காது. வீட்டில் டிவி இருந்தது, பகலில் அதன் மேல் துணி போட்டு மூடியிருக்கும்.

இதெல்லாம் கம்சாயினிக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு ராத்தாவிடம் ஒரு விஷயம் பிடிக்காது. பின்னேரம் பிள்ளையைத் தரும்போது, பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்டால், நல்லாச் சாப்பிட்டா, நல்லாத் தூங்கினா என்று இரண்டே வசனம். ஆனால் சில நாட்களில் வீட்டுக்கு ஏதாவது வேலை சொல்லி அனுப்புவார். இதென்ன, பிள்ளை பார்க்கக் காசு கொடுத்து எனக்கு வீட்டுப்பாடமா என்று கம்சாயினிக்கு மூக்கு நுனியில் கோபம் வரும்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள், இன்றைக்குக் கஞ்சியைப் பிளாஸ்டிக் கரண்டியால் கொடுக்க வேண்டாம், சில்வர் கரண்டியால் கொடுங்கள் என்றார். முணுமுணுத்தபடியே கொடுத்தாள். மூன்றாவது வாயில் கரண்டி எதிலோ பட்டு டிக் என்றது. விரலை விட்டுத் தடவினால், கீழ் முரசில் அரிசி முனை போல ஒரு பல். கம்சாயினிக்குத் தலைகால் புரியவில்லை. கணவன் டிலக்சனைக் கூப்பிட்டு அவன் விரலையும் விட்டுப் பார்க்கச் செய்தாள். அடுத்த ஞாயிறே முதல் பல்லுக்குச் செய்கிற சடங்காக, பிள்ளையின் தலைக்கு வெள்ளைத் துணி பிடித்து, பல்லுக் கொழுக்கட்டை கொட்டினார்கள். ராத்தாவும் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். தன் கண்ணில்தான் முதலில் பட்டது என்று கம்சாயினி நாலு பேருக்குக் கேட்கச் சொன்னபோது, அவர் வாயில் கை வைத்து, மெய்யாவா என்று அதிசயப்பட்டார்.

இன்னொரு நாள், வீட்டுக்குப் போன உடனே பிள்ளையைத் தூக்க வேண்டாம், பாயில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கதவடியில் நின்று பாருங்கள் என்றார். நின்றாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "ம்மா" என்றது. அன்றிரவு கம்சாயினி அழுதுகொண்டே சோறு தின்றாள். மறுநாள் காலை அந்தச் செய்தியைச் சொன்னபோது ராத்தா மறுபடியும் வாயில் கை வைத்தார். ஊரார் இரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோயையெல்லாம் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி, கரண்டியையும் பல்லையும், கதவையும் அம்மாவையும் ஒரு நாளும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. சந்தோசம் வந்தால் யார்தான் பார்க்கிறார்கள்.

பிறகு நடக்கிற வயது வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினொரு மாதத்தில் ஓடித் திரிந்தது. தக்ஷிகா சுவரைப் பிடித்து நிற்பாள், கையை விட்டால் குந்திவிடுவாள். கிளினிக் கொப்பியில் நடந்த வயதுக்கென்று இருக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. கம்சாயினி நாள் தவறாமல் பின்னேரம் கேற்றடியில், நடந்தாளா என்று கேட்பாள். அவசரப்பட வேண்டாம், நடப்பா என்று ராத்தாவும் நாள் தவறாமல் சொல்வார். அந்த நேரம் பார்த்துத்தான் லாப்பில் கூட வேலை செய்யும் றுக்ஷானா தன் போனைக் காட்டினாள். டவுனில் புதிதாகத் திறந்த டே கெயாரில் அவளுடைய மகன். அறைக்கு அறை கமரா. மகன் தூங்குவது, தும்முவது எல்லாம் போனில் தெரிந்தது. இதல்லவா ரிப்போட் என்று கம்சாயினி நினைத்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை வந்தது, கூடவே ஒரு குற்ற உணர்வும் வந்தது. பிள்ளை வளர்கிறாள், அது தனக்குத் தெரியாமல் எங்கோ நடக்கிறது என்கிற பயம் எந்தத் தாயைத்தான் விட்டது.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, லாப்பில் மிஷின் பழுதாகி எல்லாரையும் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். கம்சாயினி நேரே ஒழுங்கைக்கு வந்தாள். கேற்றைத் தட்டப் போனவள் தகர இடுக்கால் உள்ளே பார்த்தாள்.

ராத்தா முற்றத்தில் காலை நீட்டி இருந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தக்ஷிகா வாளியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வாளியை விட்டாள். ஒரு அடி. நின்று ஆடி, இன்னொரு அடி. மூன்று. நாலு. அப்படியே ராத்தாவின் மடியில் போய் விழுந்தாள்.

உள்ளே ராத்தா பிள்ளையின் உச்சியில் கொஞ்சினார். அடுத்த கணம் அக்கம் பக்கம் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிப் பாயில் இருத்தி, முன்னால் ஒரு சட்டி மூடியையும் அகப்பையையும் வைத்தார். ஒன்றுமே நடக்காதது போலத் துணி மடிக்கத் தொடங்கினார்.

தட்டப் போன கையைக் கம்சாயினி இறக்கினாள். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று வாவிக்கரைக்கு ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய், தோணிகளைப் பார்த்தபடி நின்றாள். நாலரைக்குத் திரும்பி வந்து, வழமை போலக் கேட்டாள்.

"நடந்தாளா ராத்தா?"

"இன்னும் இல்ல தங்கச்சி," என்றார் பஹீமா ராத்தா, பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி. "இண்டைக்குச் சப்பாத்தைக் கழட்டிட்டு, உங்கட முத்தத்து மணல்ல விட்டுப் பாருங்களன். எட்ட நிண்டு கூப்பிடுங்க."

கம்சாயினி பிள்ளையைப் பையில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வீடு போய்ச் சேரும் வரை கண்ணுக்குள் எரிந்தது. தினமும் எத்தனை தவிப்போடு கேட்கிறாள் என்று தெரிந்தும் பச்சைப் பொய். இதில் பொய் சொல்கிற மனுசி எதில்தான் சொல்லமாட்டார். பிள்ளை விழுந்தால் சொல்வாரா, பால் குடிக்காவிட்டால் சொல்வாரா. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளை முதன்முதல் நடந்தது இன்னொருத்தியின் மடியை நோக்கி. அதுதான் அதிகமாக வலித்தது.

அன்று மாலை முழுக்க அவள் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. சப்பாத்தைக் கழட்டச் சொன்ன மனுசியின் சொல்லைக் கேட்பதில்லை என்று ஒரு வீம்பு. டிலக்சன் உன்னிச்சையில் இருந்தான். நெல் வெட்டும் மிஷின் திருத்துகிறவன், அறுவடைக் காலத்தில் வயல் வட்டையே அவனுக்கு வீடு. போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, நாளைப் பின்னேரம் வருவதாகச் சொன்னான்.

"முதல்ல ராத்தாவிட்ட ஒருக்காக் கேள் மனெ. பத்து மாசம் பாத்த மனிசி."

"கண்ணால கண்டதுக்குப் பிறகு என்னத்தைக் கேக்கிற," என்று போனை வைத்தாள். டவுன் டே கெயாருக்குச் செய்தி அனுப்பினாள். திங்கட்கிழமை ஒரு இடம் இருக்கிறது, சனிக்கிழமைக்குள் உறுதி சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையைக் கொடுக்கும்போது, நேற்று மணலில் விட்டுப் பார்த்தீர்களா என்று ராத்தா ஆவலோடு கேட்டார். நேரம் கிடைக்கவில்லை என்றாள் கம்சாயினி. ராத்தாவின் முகம் வாடியது. குற்றமுள்ள மனம் குறுகுறுக்கிறது என்று எடுத்துக்கொண்டு இவள் பாலம் ஏறிப் போனாள். அன்று பகல் முழுக்க, யாருடைய கையில் ஊசி ஏற்றினாலும், பின்னேரம் சொல்லப்போகும் வசனத்தையே மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதினாள். மரியாதை குறையக்கூடாது, ஆனால் உறைக்க வேண்டும்.

நாலரைக்குப் போனபோது மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ராத்தாவின் மகள் பஸ்னா, இருபது வயதுப் பெண், தக்ஷிகாவை மடியில் வைத்திருந்தாள். உம்மா தொழுகிறா, இப்போ வந்திடுவா என்றாள். திறந்த கதவால் உள்ளே தெரிந்தது. பஹீமா ராத்தா கதிரையில் இருந்தபடி தொழுதுகொண்டிருந்தார். அவர் கதிரையில் இருந்து தொழுது கம்சாயினி ஒரு நாளும் கண்டதில்லை. கோபத்துக்கு நடுவிலும், என்ன சுகமில்லையா என்று கேட்டுவிட்டாள்.

"இடுப்புப் புடிச்சிட்டு," என்றாள் பஸ்னா. "உங்கட மகளை இண்டைக்கு முழுக்க இடுப்பை விட்டு இறக்கல்ல. சோறு ஆக்கினது, துணி காயப்போட்டது எல்லாம் ஒத்தக் கையால."

"ஏன், அவளுக்குக் காய்ச்சலா?"

பஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உம்மாக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போடுவா. நீங்க நேத்து மகளை மணல்ல விடல்லதானே. அதான். நீங்க காணுறதுக்கு முந்தி இஞ்ச இன்னொருக்கா நடந்திடுவா எண்டு, இறக்கியே விடல்ல."

கம்சாயினிக்கு உடனே விளங்கவில்லை. பஸ்னா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பஸ்னாவுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது, வீட்டுக் கஷ்டத்தில் உம்மா றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. பிள்ளையை வளர்த்தது உம்மாவின் தங்கை, சாச்சி. முதல் பல்லும் முதல் சொல்லும் முதல் நடையும் சாச்சிதான் கண்டா. உம்மாவுக்கு எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை போனில். மகள் நடக்கிறா என்று சாச்சி சொன்ன அன்று, உம்மா கையில் இருந்த பிள்ளை வேறொருத்தியுடையது. அந்த வீட்டு முதலாளியும் மேடமும் வேலைக்குப் போகிறவர்கள். சில மாதம் போக, அந்தப் பிள்ளையும் நடந்தது. உம்மாவைப் பார்த்துத்தான் நடந்தது. பின்னேரம் மேடம் வந்ததும் உம்மா ஓடிப்போய்ச் சந்தோசமாகச் சொன்னா. மேடம் கைப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. கதவுக்கு வெளியே நின்ற உம்மாவுக்கு அவ அழுவது கேட்டது.

"அண்டையில இருந்து உம்மா ஆருக்கும் முதல் செய்தி சொல்றல்ல," என்றாள் பஸ்னா. "இஞ்ச எது நடந்தாலும் காணாத மாதிரி இருப்பா. பின்னேரம் தாய்மாருக்கு ஏதாச்சும் வேலை சொல்லி அனுப்புவா, அவங்களே காணட்டும் எண்டு. கரண்டியால ஊட்டுங்க, கதவடியில நில்லுங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாவே."

டிக் என்ற அந்தச் சத்தம் கம்சாயினியின் காதுக்குள் கேட்டது. வாயில் கை வைத்து, மெய்யாவா என்று அதிசயப்பட்ட முகம் கண்முன் வந்தது. தனக்கே தனக்கென்று அவள் பொத்தி வைத்திருந்த நாட்களையெல்லாம் இந்த மனுசிதான் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தந்திருக்கிறார். தந்தது தெரியாமல் தந்திருக்கிறார். ஒருத்தி நேற்றுச் சுமந்தாள், மற்றவள் இன்று சுமந்தாள், அதே பிள்ளையை அதே மாதிரி இடுப்பில். ஒருத்தி வீம்புக்காக. மற்றவள் எதற்காக என்று நினைத்தபோது கம்சாயினிக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தையும் மீறி நன்றி பொங்கியது. கமராவில் இதெல்லாம் தெரிந்திருக்கும்தான். யாரோ ஒருவரின் நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டே, உள்ளங்கை அளவு கண்ணாடியில், தன் பிள்ளை நடப்பதை அவள் பார்த்திருப்பாள்.

தொழுகை முடித்து ராத்தா இடுப்பில் கை ஊன்றியபடி வெளியே வந்தார். பகல் முழுக்கத் திருத்தி எழுதிய வசனத்தில் கம்சாயினியின் வாயில் ஒரு சொல் கூட மிஞ்சவில்லை.

"இண்டைக்காவது விட்டுப் பாருங்க தங்கச்சி," என்றார் ராத்தா, கெஞ்சுவது போல. "தகப்பனும் வாறார்தானே. ரெண்டு பேரும் நிண்டு கூப்பிடுங்க. எனக்கென்னமோ நடப்பா போலத்தான் இரிக்கு."

"ஓம் ராத்தா. கட்டாயம் விடுறன்," என்றாள். ராத்தாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடக் கொஞ்ச நேரம் எடுத்தது. இடுப்புக்குத் தைலம் பூசுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தாள். பிரதான வீதியில் ஏறுமுன் ஓரமாக நிறுத்தி, டவுன் டே கெயாருக்கு, இடம் வேண்டாம், நன்றி என்று அனுப்பினாள்.

டிலக்சன் முகத்தில் நெற்சப்பியும் தூசியுமாக வந்து இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கம்சாயினி முற்றத்தைக் கூட்டினாள். பிறகு செருப்பைக் கழட்டிவிட்டு, வெறுங்காலால் ஒரு தரம் முழுக்க நடந்து பார்த்தாள். இதென்ன புதுப் பழக்கம் என்று டிலக்சன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றாள்.

பிள்ளையின் சப்பாத்தைக் கழட்டி, கிணற்றடித் தூணைப் பிடிக்க வைத்து நிறுத்தினார்கள். டிலக்சன் ஒரு பக்கம் குந்தினான், அவள் ஒரு பக்கம். இரண்டு பேரும் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். தக்ஷிகா தகப்பனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், காலுக்குக் கீழே மணலைப் பார்த்தாள். தூணை விட்டாள். ஒன்று, இரண்டு. மூன்றில் ஆடினாள். நாலில் நின்றாள். ஐந்து. ஆறு. பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டிலக்சன் மணலில் அப்படியே இருந்துவிட்டான்.

மற்ற நாட்களில் இப்படியொரு செய்தியை மறுநாள் போய்த்தான் சொல்வாள். இன்றைக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்தபடி போனை எடுத்தாள்.

"ராத்தா, மகள் நடந்திட்டாள்."

"அல்லாஹ். மெய்யாவா?" என்றது அந்தக் குரல். எத்தனையோ முறை கேட்ட அதே அதிசயம்தான். அதற்குள் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பது கம்சாயினிக்கு இப்போதுதான் கேட்டது. "எத்தின அடி வெச்சா?"

"ஆறு."

"ஆறா? இஞ்ச நாலுதானே..."

அந்தப் பக்கம் ராத்தா போனைப் பிடித்தபடி எப்படி நிற்பார் என்று கம்சாயினிக்குத் தெரிந்தது. வாயில் கை வைத்திருப்பார், இந்த முறை உண்மையாகவே.

"லைன் விட்டு விட்டு வருது ராத்தா, நீங்க சொன்னது ஒண்டும் கேக்கல்ல," என்றாள். "இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பஹீமா ராத்தா, இருபது வருசத்துக்கு முன் வேறொரு போனில் கேட்க முடியாததைக் கேட்பது போல, மெல்லக் கேட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க தங்கச்சி. எப்பிடி நடந்தா?"

கம்சாயினி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூணை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஆறு அடியையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.